முகம் காட்டாத திரை

அத்-பாஷி, அக்டோபர் 11

ஐஸிரெக்கின் அப்பாவுக்கு,

நலம். நீங்களும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கடிதத்தை ஷர்ஷேனாலியின் வாடகைக் காரில் கொடுத்தனுப்புகிறேன். வாரம் தவறாமல் பிஷ்கெக் வந்து போகிறவர், பதிலையும் அவரிடமே கொடுக்கலாம். போன் செய்ய வேண்டாம். என் போனை அணைத்து அண்ணியின் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

ஒரு காரியம் ஆக வேண்டும். தொலைக்காட்சியிலிருந்து சயரா அக்கா அண்ணனிடம் பேசியிருக்கிறார். துருக்கித் தொடர் ஒன்று வந்திருக்கிறதாம். ருஷ்ய வசனத்தைக் கிர்கிஸ் மொழியில் நான்தான் எழுத வேண்டும் என்கிறாராம். கை நன்றாகத்தான் இருக்கிறது, விரல்கள் மடங்குகின்றன. சும்மா உட்கார்ந்து அண்ணன் வீட்டு ரொட்டியைத் தின்றுகொண்டிருக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் லேப்டாப் அந்தச் சமையலறையோடு போய்விட்டது.

எனக்கு ஒன்று வாங்கி அனுப்புங்கள். புதிது வேண்டாம், யாராவது வைத்திருந்த பழையதே போதும். கனமாக இருந்தாலும் சரி, மெதுவாக ஓடினாலும் சரி. ஒன்றே ஒன்றுதான் முக்கியம். திரை பளபளக்கக் கூடாது. கண்ணாடி மாதிரி வருகிறதே, அந்த வகை வேண்டவே வேண்டாம். முன்பெல்லாம் அலுவலகங்களில் வைத்திருப்பார்களே, சாம்பல் பூசினாற்போல மங்கலான திரை, அது. நான் உட்காரும் இடத்துக்குப் பின்னால் ஜன்னல் இருக்கிறது. கண் கூசுகிறது.

கொடுத்தனுப்பினால் போதும், நீங்கள் வர வேண்டாம். குழந்தையையும் கூட்டி வர வேண்டாம். அவளுடைய பனிக்கால பூட்ஸ் சின்னதாகியிருக்கும். பாருங்கள்.

ஜிபார்


பிஷ்கெக், அக்டோபர் 19

ஜிபார்,

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கூட்டிப்போக வேண்டிய நாளில், பேருந்தை டெப்போவில் விட்டுவிட்டு, உன் நீல கவுனை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். நர்ஸ் சொன்னாள்: “உங்க வீட்டம்மாவை அவங்க அண்ணன் காலையிலேயே கூட்டிட்டுப் போயிட்டாரே. உங்களுக்குத் தெரியாதா?” எனக்குத் தெரியாது. அது ஜூலை. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து வருகிற முதல் வார்த்தை இதுதான். அதிலும் பாதி லேப்டாப்பைப் பற்றி. போகட்டும், வார்த்தை வந்ததே.

விடுமுறை நாளில் ஐஸிரெக்கைக் கூட்டிக்கொண்டு பழைய கணினி விற்கிற வரிசைக்குப் போனேன். தாமிர் என்று ஒரு பையன் கடை வைத்திருக்கிறான். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே பேசுகிறவன். நீ சொன்னதை அப்படியே சொன்னேன்.

“மங்கல் திரையாண்ணே? அதெல்லாம் ஆபீஸ்காரங்க கழிச்சுக் கட்டினது. கொஞ்சம் ஓரமா நின்னு பாத்தா படமே வெளுத்துப்போகும். வீட்டம்மாவுக்கு வாங்கறீங்க, நல்லதாப் பாத்து வாங்குங்க” என்றான்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஐஸிரெக் வேறொன்றின் முன்னால் போய் நின்றுவிட்டாள். மெல்லியது, வெள்ளிநிறம், தூக்கினால் தட்டு மாதிரி இருக்கிறது. “அப்பா, இது அம்மாவுக்குப் பிடிக்கும். தண்ணி மாதிரி இருக்கு பாருங்க” என்றாள். அதையே வாங்கிவிட்டேன். இதை அவள்தான் தேர்ந்தெடுத்தாள் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜன்னல் பின்னால் இருந்தால் மேசையைத் திருப்பிப் போட்டுக்கொள். இதில் காமிரா நன்றாக இருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் நீயும் அவளும் முகம் பார்த்துப் பேசலாம்.

பூட்ஸ் வாங்கிவிட்டேன். இரண்டு அளவு பெரியதாக. நீ இருந்திருந்தால் திட்டியிருப்பாய்.

கெல்திபெக்


அத்-பாஷி, நவம்பர் 2

ஐஸிரெக்கின் அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பியதைத் திருப்பி அனுப்புகிறேன். பெட்டியும் வயரும் அப்படியே இருக்கின்றன. கடைக்காரன் மறுப்புச் சொல்லாமல் எடுத்துக்கொள்வான்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதைத் தவிர மற்றதெல்லாம் அதில் இருக்கிறது. மேசையைத் திருப்பிப் போடச் சொல்கிறீர்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே கதைதான். அண்ணி மேலே துணி போட்டு மூடிவைத்தாள். துணி போட்டு மூடி வைக்கவா லேப்டாப்? தொடரில் முதல் பாகத்தைக்கூட என்னால் முடிக்க முடியவில்லை. சயரா அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன்?

எப்போதுமே இப்படித்தான். அழுக்குத் தெரியாத மாதிரி காவி நிறத்தில் சோபா வாங்கி வரச் சொன்னேன். கடைக்காரன் சொன்னான் என்று வெள்ளை சோபாவைச் சுமந்துகொண்டு வந்தீர்கள். கடையில் நிற்கிறவன் வார்த்தை உங்களுக்குக் காதில் விழும். வீட்டில் இருக்கிறவள் வார்த்தை விழாது.

திருப்பி அனுப்பியதைக் குழந்தையிடம் சொல்லிவிட வேண்டாம்.

ஜிபார்


பிஷ்கெக், நவம்பர் 10

ஜிபார்,

குழந்தையிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். ஷர்ஷேனாலி பெட்டியை மாடி ஏறி வந்து கொடுத்தான். கதவைத் திறந்ததே அவள்தான்.

“அம்மாவுக்குப் பிடிக்கலையா?” என்றாள்.

“வெளிச்சம் கூசுதாம்டா.”

“நான் எடுத்ததுன்னு எழுதினீங்களா?”

ஆமாம் என்றேன். பெட்டியைத் தூக்கிச் சுவரோரம் வைத்தாள். “எழுதாம இருந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். ஒன்பது வயது.

என்மேல் என்ன கோபம், அதை நேராக எழுது. எண்ணெய் பற்றியபோது நான் வீட்டில் இல்லையே என்றா? நான் வண்டி நிறைய ஆட்களோடு சந்தை நிறுத்தத்தில் நின்றிருந்தேன். போர்சோக் ரொட்டி பொரிக்கிற எண்ணெய் யாரையும் கேட்டுக்கொண்டு பற்றுவதில்லை. நான் இருந்திருந்தால் அணைத்திருப்பேன் என்று நினைக்கிறாயா? இருக்கலாம், நானும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்காக இத்தனை மாதமாகப் பெற்ற பெண்ணைப் பார்க்காமல் இருப்பது யாருக்குத் தண்டனை? எனக்கா, அவளுக்கா?

பளபளப்புத் திரைமேல் ஒட்ட மங்கலான தாள் ஒன்று வருகிறதாம். தாமிர் சொன்னான், ஒட்டிவிட்டால் கூச்சம் பாதி போய்விடுமாம். ஒட்டி அனுப்பவா? அதிலும் ஏதாவது குற்றம் இருக்குமா?

வேறு யாரையாவது கேட்டு வாங்கிக்கொள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. என்ன வேண்டும் உனக்கு, சொல்.

கெல்திபெக்


அத்-பாஷி, நவம்பர் 24

ஐஸிரெக்கின் அப்பாவுக்கு,

கண் கூசவில்லை. அது பொய். ஜன்னலும் எனக்குப் பின்னால் இல்லை, பக்கவாட்டில்தான் இருக்கிறது.

கட்டுப் பிரித்த நாளுக்குப் பிறகு நான் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கேட்காமலே அண்ணி வீட்டிலிருந்த கண்ணாடிகளை எடுத்துவிட்டாள். தேநீர்க் கெட்டிலை அவள் இப்போது தேய்ப்பதில்லை, கரி பிடித்து அப்படியே கிடக்கிறது. கரண்டியைக் கவிழ்த்தே வைக்கிறாள். போன் ஏன் பெட்டிக்குள் போயிற்று என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

நீங்கள் அனுப்பியதை ஆசையாகத்தான் திறந்தேன். உயிர்ப்பிக்கும் பொத்தானை இன்னும் அழுத்தவில்லை. கறுப்பாக இருந்த அந்தத் திரைக்குள், இத்தனை நாள் நான் பார்க்காமல் தப்பித்துவந்த அவள் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று ஐஸிரெக் சொன்னது சரிதான். அவ்வளவு தெளிவு.

இருந்தாலும் வேலை செய்ய உட்கார்ந்தேன். தொடரில் ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஒரு கணம் திரை இருளும். இத்தனை வருடம் எழுதியிருக்கிறேன், இவ்வளவு முறை இருளும் என்று நான் கவனித்ததே இல்லை. அந்தப் பெண் அழுவாள், திரை இருளும், நான் வந்து நிற்பேன். கல்யாணம் நடக்கும், திரை இருளும், நான். யாரோ சிரிப்பார்கள், அப்புறமும் நான். அண்ணி வந்து துணியைப் போட்டாள்.

தாள் ஒட்ட வேண்டாம். எனக்குப் பாதி போனால் போதாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஐஸிரெக் என்னை நேராகப் பார்த்துக்கொண்டே “அம்மா எங்கப்பா?” என்று உங்களிடம் கேட்டாள். நான் “இங்கதான் இருக்கேன் கண்ணு” என்றேன். அதுவரை அமைதியாகத்தான் இருந்தாள். என் குரல் இந்த முகத்திலிருந்து வந்தபோதுதான் கத்தினாள். உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். நீங்கள் அவள் தலையைத் தடவிக்கொண்டே என்னிடம் பேசினீர்கள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

உங்கள்மேல் கோபமில்லை. தீ விஷயத்திலும் இல்லை. உங்களுக்குப் பார்க்க ஜன்னலாவது இருந்தது. நான் எங்கே பார்ப்பேன்?

அவள் எடுத்தது எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லுங்கள்.

ஜிபார்


பிஷ்கெக், டிசம்பர் 14

ஜிபார்,

நாள் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்து வண்டி ஓட்டுகிறவன் நான். எனக்கு இது தோன்றவே இல்லை.

ஜன்னலைப் பார்த்துப் பேசினேன் என்பது உண்மை. ஏன் என்று எழுதினால் சாக்குச் சொல்கிற மாதிரி ஆகிவிடும். எழுதவில்லை.

மறுபடியும் தாமிரிடம் போனேன், இந்தத் தடவை தனியாக. இருக்கிற மங்கல் திரையையெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.

“ஆன் பண்ணிக் காட்டறேண்ணே.”

“வேணாம், அணைஞ்சே இருக்கட்டும்.”

“அணைஞ்சு கிடக்கற லேப்டாப்புல என்னத்தைப் பாப்பீங்க?”

“என் மூஞ்சி தெரியுதான்னு பாக்கறேன்.”

“ஏன், வீட்ல கண்ணாடி உடைஞ்சுபோச்சா?” என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரன் போகும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன். நீ கோபித்துக்கொள்வாய், இருந்தாலும் சொன்னேன். கையிலிருந்த விதையைக் கீழே போட்டான். மேசை விளக்கை எடுத்து என் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தான். “இப்பப் பாருங்கண்ணே. மூஞ்சில வெளிச்சம் விழுந்தாத்தான் திரையோட நெஜம் தெரியும்” என்றான். விளக்கு சுட்டது. அப்படியே நின்று பார்த்தேன்.

ஒன்று நன்றாக இருந்தது, ஆனால் மூடி மூடித் திறந்ததில் கீழேயுள்ள எழுத்துக் கட்டைகள் உரசி, நடுவில் பட்டை பட்டையாக மினுமினுப்பு ஏறியிருந்தது. அந்தப் பட்டையில் என் கண் ஒன்று தெரிந்தது. வேண்டாம் என்றேன். இன்னொன்றில் முகம் தெரியவில்லை, ஆனால் ஆன் பண்ணி வெளிச்சத்தைக் குறைத்தால் திரை துடிக்கிறது. போன் காமிராவை அதற்கு நேரே பிடித்துக் கோடு கோடாக ஓடுவதைக் காட்டினான். “தலைவலி வரும்ண்ணே, இதையும் எடுக்காதீங்க” என்று அவனே ஒதுக்கினான். வியாபாரம் கெடுகிறதே என்று பார்க்கவில்லை.

கடைசியாக அடியிலிருந்து ஒன்றை இழுத்தான். ஏதோ அலுவலகம் கழித்தது. பெட்டி மாதிரி தடிமன், மூடியின் மூலை உடைந்திருக்கிறது, கீல் இறுக்கம். திறந்து பார்த்தேன். டோலோன் கணவாயில் மூடுபனிக்குள் எதிரே ஆள் நிற்கிற மாதிரி ஒரு சாம்பல் நிழல், அவ்வளவுதான். கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. அதற்கப்புறம்தான் ஆன் பண்ணச் சொன்னேன். எழுத்து தெளிவாக இருக்கிறது. பாட்டரி உழைக்காது, வயரைச் செருகியே வைத்துக்கொள்.

திரையைச் சுற்றிய சட்டம் மினுமினுவென்று இருந்தது. டெப்போவில் உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கிவிட்டேன். காமிராவின் மேல் கறுப்புத் துணிநாடா ஒட்டியிருக்கிறேன். கட்டைகளில் கிர்கிஸ் எழுத்துகளை ஐஸிரெக் ஒட்டினாள். ஒன்று கோணலாக இருக்கும்.

ஒட்டிக்கொண்டிருக்கும்போது தலை நிமிராமல் கேட்டாள். “நான் கத்தினதாலதானே அம்மா போயிட்டாங்க?” இல்லை என்றேன். “அப்ப ஏன் வரலை?” என்றாள். நான் சொல்லி அவள் நம்பப்போவதில்லை, ஜிபார். நீ சொன்னால்தான் உண்டு.

கெல்திபெக்


அத்-பாஷி, பிப்ரவரி 6

ஐஸிரெக்கின் அப்பாவுக்கு,

பனியில் ஷர்ஷேனாலி கணவாயைத் தாண்ட முடியாமல் இருந்ததால் இவ்வளவு தாமதம்.

லேப்டாப் சரியாக இருக்கிறது. பகல் முழுக்க உட்கார்ந்தாலும் கண் வலிப்பதில்லை. காட்சி இருளும்போது வெறுமனே இருள்கிறது, அதில் யாரும் இல்லை. ஒரு பொருளால் இவ்வளவு நிம்மதி வரும் என்று எனக்குத் தெரியாது. திறந்த முதல் நாள் அண்ணி முதலில் தன் முகத்தை அதற்கு நேரே நீட்டிப் பார்த்துவிட்டு, “என் அழகே தெரியலை, இதுல உனக்கு என்ன தெரியப்போவுது, உக்காரு” என்றாள். அவள் திட்டுகிற திட்டையெல்லாம் தொடரில் வருகிற மாமியாருக்குக் கொடுத்துவிட்டேன். சயரா அக்காவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

கோணல் எழுத்தைச் சரிசெய்யவில்லை.

ஐஸிரெக்குக்குத் தனியாகக் கடிதம் எழுதப் பார்த்தேன். அம்மாவுக்கு உன்மேல் கோபமில்லை என்று எழுதியதும், கோபம் இருக்கிறவள்தான் இப்படி எழுதுவாள் என்று தோன்றியது. கிழித்துவிட்டேன். இதை எழுத்தில் சொல்ல முடியாது.

வழி திறந்ததும் கூட்டி வாருங்கள். முகத்தில் துணி கட்டிக்கொள்ளலாமா என்று அண்ணியைக் கேட்டேன். “கட்டினா, பின்னாடி என்ன இருக்கோ என்ன இருக்கோன்னு புள்ள நெனச்சுக்கிட்டே கிடக்கும். வேணாம்” என்கிறாள். அவள் சொல்வது சரிதான். கட்டமாட்டேன். வழியிலேயே குழந்தைக்குச் சொல்லிவிடுங்கள். ஒன்றையும் குறைத்துச் சொல்ல வேண்டாம். இடது பக்கம் காது இல்லை என்பதையும் சொல்லுங்கள்.

ஜிபார்


அத்-பாஷி, ஏப்ரல் 4

ஐஸிரெக்கின் அப்பாவுக்கு,

நீங்கள் புறப்பட்டுப் போனதிலிருந்து எழுத நினைத்து இன்றுதான் உட்கார்கிறேன்.

இந்த முறை நீங்கள் ஜன்னலைப் பார்க்கவில்லை, என்னை நேராகப் பார்த்தீர்கள். கண்ணை எடுத்துவிடக் கூடாது என்று நீங்கள் பட்ட பாடும் எனக்குத் தெரிந்தது. உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஜன்னலைப் பார்த்ததைவிட அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அப்புறம் நீங்கள் அண்ணனோடு ஆட்டுக் கொட்டிலிலேயே இருந்துவிட்டீர்கள். அது நல்லதாகப் போயிற்று.

உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. ஐஸிரெக் கதவோரமாகவே நின்றாள். வணக்கம் சொன்னாள், வாத்தியாருக்குச் சொல்கிற மாதிரி. நான் லேப்டாப்பைத் திறந்து வேலையைத் தொடங்கினேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் வந்து நின்று, “இந்த எழுத்தை நான்தான் ஒட்டினேன்” என்றாள். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். என் வலது பக்கமாகப் போட்டேன்.

இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். அதில் அவளும் தெரியவில்லை, நானும் தெரியவில்லை. நான் எழுதிய வசனத்தை வாசித்துக் காட்டச் சொன்னேன். மகள் பேசுவதை அவள் வாசித்தாள், தாய் பேசுவதை நான் வாசித்தேன். “இந்தம்மா ஏன் எதுக்கெடுத்தாலும் அழுவுது? கொஞ்சம் குறைச்சு எழுதுங்க” என்றாள். குறைத்தேன். திரையைப் பார்த்துக்கொண்டே, உன்னால் நான் போகவில்லை என்று சொன்னேன். தலையை ஆட்டினாள் என்று நினைக்கிறேன், நான் திரும்பவில்லை. அன்று முழுக்க அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குரலை மட்டும் வைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு பாயருகே உட்கார்ந்திருந்தேன். வளர்ந்துவிட்டாள். சட்டென்று கண் விழித்தாள். வெளிச்சம் என் இடது பக்கத்தில் விழுந்திருந்தது. நான் விலகுவதற்குள் முழுதாகப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எழுந்து போய்விடலாம் என்று கையை ஊன்றினேன். அப்போது, திரும்பாமலே, கையை மட்டும் பின்னால் நீட்டித் துழாவி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி தேநீருக்குக் கூப்பிடும்வரை விடவில்லை.

நான் பிஷ்கெக் வரமாட்டேன். இந்த வருடம் இல்லை. அப்புறமும் எப்போது என்று எனக்குத் தெரியாது. எனக்காகக் காத்திருக்கச் சொல்கிற உரிமை எனக்கு இல்லை, நான் சொல்லவுமில்லை. கோடை விடுமுறையில் அவளை மட்டும் அனுப்புங்கள். வருகிறாயா என்று அவளிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். வரமாட்டேன் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். குழந்தைக்குக் காய்ச்சல், அதனால் அனுப்பவில்லை என்றெல்லாம் எனக்கு எழுதவும் வேண்டாம்.

ஜிபார்


பிஷ்கெக், ஜூன் 8

ஜிபார்,

இந்தக் கடிதம் ஐஸிரெக்கின் கைப்பையில் வருகிறது. ஷர்ஷேனாலியின் மனைவியும் அதே காரில் வருகிறாள், பயமில்லை.

நீ சொன்னபடி கேட்டேன். இரண்டு மூன்று நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அப்புறம் பள்ளிக்கூடப் பையைக் காலி பண்ணித் துணியை அடுக்க ஆரம்பித்தாள். “ராத்திரி மாமிகூடதான் படுத்துப்பேன், சொல்லிடுங்க” என்றாள். சொல்லிவிட்டேன். அதற்காக நீ வருத்தப்படுவாய், ஆனால் அவள் சொன்னதை மாற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் வரவில்லை. உன் எதிரே எப்படி உட்கார வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

காரில் ஏற்றியபோது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “நீங்களும் வாங்களேன்ப்பா” என்றாள்.

அடுத்த தடவை வருகிறேன் என்றேன். நான் சொன்னது பொய்யா இல்லையா என்று நீதான் எழுத வேண்டும்.

கெல்திபெக்